பிளான் அப்ரூவல் உடனே கிடைக்குது, சரி. வீடு சீக்கிரம் வருமா?

2024 ஜூலை 22 அன்று தமிழக அரசு சுயசான்று முறையில் கட்டட அனுமதி தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதோடு முதல் தளம் மட்டும் வீடு கட்டுகிறவர் இணையத்தில் விண்ணப்பித்தால் உடனே அனுமதி. அதிகாரி வந்து மனையைப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். அப்போது வீட்டுவசதித் துறை அமைச்சராக இருந்தவர் ஈரோடு மேற்குத் தொகுதியின் சு. முத்துசாமி என்பதால் நம்ம பக்கம் இந்தச் செய்தி கொஞ்சம் கூடுதலாகவே பேசப்பட்டது.

நம்ம ஊர்க் கணக்கில் 2,500 சதுர அடி என்றால் சுமார் ஐந்தே முக்கால் சென்ட். பவானி மாதிரி ஊரில் சாதாரணக் குடும்பம் வாங்குகிற மனை மூன்று சென்ட், நாலு சென்ட்தான். அப்படிப் பார்த்தால் இந்தத் திட்டம் பணக்காரர்களுக்கோ அடுக்குமாடி கட்டும் நிறுவனங்களுக்கோ போட்டது இல்லை. நேரா நம்ம மாதிரி ஆளுங்களுக்குப் போட்டது.

அதனாலேயே இதைக் கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான்: அரசு வேகப்படுத்தியது வீடு கட்டுவதில் எந்தப் பகுதியை? அங்கே மிச்சமான நேரம் யாருக்குப் போய்ச் சேருகிறது?

முன்பு நேரம் எங்கே போனது

பழைய முறை பலருக்கும் தெரிந்ததுதான். இன்ஜினியரோ உரிமம் பெற்ற சர்வேயரோ வரைபடம் போட்டுத் தருவார். அது நகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்குப் போகும். நகரமைப்பு ஆய்வாளர் ஒருநாள் மனைக்கு வந்து பார்ப்பார். பத்திரம், பட்டா, மனை அங்கீகாரம் எல்லாம் சரிபார்க்கப்படும். ஏதாவது குறை இருந்தால் கோப்பு திரும்பி வரும். குறை இல்லாவிட்டால் கட்டணம் கணக்கிட்டுச் சொல்வார்கள், கட்டிய பிறகு கையெழுத்தாகி வரும்.

இதில் ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் அரைமணி நேர வேலை. ஆனால் படிகளுக்கு நடுவில் கோப்பு தூங்குகிற நேரம்தான் வாரக்கணக்கு. சின்ன நகராட்சியில் இந்த வேலைக்கு இருப்பதே ஒன்றிரண்டு பேர். ஆக்கிரமிப்பு, நீதிமன்ற வழக்கு, தேர்தல் வேலை, மழை வெள்ளம் என்று எல்லாமே அவர்கள் தலையில்தான். மூணு சென்ட் வீட்டுக் கோப்பும் கல்யாண மண்டபக் கோப்பும் ஒரே மேசையில், ஒரே வரிசையில் கிடக்கும். சின்ன வீட்டில் ஆபத்து குறைவு, எண்ணிக்கை அதிகம். மண்டபத்தில் எண்ணிக்கை குறைவு, ஆபத்து அதிகம். இரண்டையும் ஒரே மாதிரி சோதித்தால் இரண்டுமே உருப்படியாகச் சோதிக்கப்படாது.

காத்திருப்புக்கு விலை உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தம்பதி மனை வாங்க 10 லட்சம் கடன் வாங்கியிருக்கிறார்கள், வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் மாதம் 7,500 ரூபாய். இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை 6,000. ஆக அனுமதிக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் 13,500 ரூபாய் சும்மா போகிறது. மூன்று மாதம் தள்ளிப்போனால் 40,500. இது போக, பேசி வைத்த மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விடுவார். ஒரு மேஸ்திரி என்னிடம் சொன்னது: "ஏனுங்க, பேப்பர் கைக்கு வர்றதுக்குள்ள எம்-சாண்ட் வெலை மாறிப் போயிருதுங்க. அப்புறம் பழைய ரேட்டுக்கே கட்டிக் குடுங்கன்னா நாங்க எங்கீங்க போறது?"

காத்திருக்க முடியாதவர்கள் இன்னொரு வழியையும் வைத்திருந்தார்கள். அனுமதி வருமுன்பே கட்ட ஆரம்பிப்பது, இல்லை அனுமதியே இல்லாமல் கட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்வது. தாமதம் நேர்மையாக நடக்க நினைப்பவரைத்தான் அதிகம் தண்டித்தது. சுயசான்றுத் திட்டத்துக்கு நான் பார்க்கிற முதல் நியாயம் இதுதான்.

அரசு சோதனையை எங்கே கொண்டுபோய் வைத்தது

சுயசான்று என்றால், "என் மனை, என் பத்திரம், என் வரைபடம் எல்லாம் விதிப்படி இருக்கிறது" என்று உரிமையாளரே உறுதி சொல்வது. ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றி, கட்டணம் செலுத்தினால் அனுமதி ஆணை வந்துவிடும். பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் விலக்கு என்று அறிவித்தார்கள். உள்ளாட்சிக்குக் கட்டவேண்டியது சதுர அடிக் கணக்கில், ஊரின் தரத்தைப் பொறுத்து மாறும். இந்த ஒருங்கிணைந்த கட்டணம் முன்பைவிடக் கூடிவிட்டது என்று எதிர்க்கட்சிகள் அப்போதே கேள்வி எழுப்பின.

இன்னொன்று முக்கியம்: இந்த வீடுகளுக்குக் கட்டி முடித்த பிறகு பணி நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை.

ஒரு வீட்டுக்கு முன்பு இரண்டு வாசல் இருந்தது. கட்டுவதற்கு முன் ஒரு சோதனை, கட்டிய பின் ஒரு சோதனை. காகிதத்திலாவது இருந்தது. இப்போது சின்ன வீடுகளுக்கு இரண்டு வாசலும் திறந்து கிடக்கிறது. அதற்காகச் சோதனை இல்லாமல் போய்விட்டதா? போகவில்லை, ஆள் மாறியிருக்கிறது. முன்பு அதிகாரி தலையில் இருந்த பொறுப்பு இப்போது உரிமையாளர் தலையிலும், வரைபடம் போட்ட இன்ஜினியர் தலையிலும் இறங்கியிருக்கிறது. கொடுத்த தகவல் தப்பு என்று பின்னால் தெரிந்தால் அனுமதி செல்லாமல் போகலாம். அப்போது "ஆபீஸ்ல பார்த்துத்தானே குடுத்தாங்க" என்று சொல்ல முடியாது. யாரும் பார்க்கவில்லை, நீங்கள் சொன்னதை நம்பிக் கொடுத்தார்கள்.

பக்கத்து மாநிலங்கள்

இந்த யோசனை தமிழ்நாட்டில் முளைத்தது கிடையாது. தெலங்கானா 2020-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. அங்கே 75 சதுர கெஜம் வரையுள்ள மனையில் ஏழு மீட்டர் உயரத்துக்குள் வீடு கட்ட அனுமதியே தேவையில்லை. ஒரு ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும். 600 சதுர கெஜம் வரை, பத்து மீட்டர் உயரத்துக்குள் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி. அதற்கு மேல் போனால் 21 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே அர்த்தம்.

நான் கவனித்தது அதற்கு அடுத்த வரியை. உடனடி அனுமதி தந்த மனைகளை அதன் பிறகு 21 நாளுக்குள் அதிகாரிகள் சரிபார்க்க வேண்டும் என்றும் அங்கே வைத்திருக்கிறார்கள். அதாவது முன்வாசலைத் திறந்துவிட்டு, பின்வாசலில் ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் நிஜமாகவே உட்கார்ந்திருக்கிறாரா என்பது வேறு விஷயம். சட்டத்தில் நாற்காலி இருக்கிறது.

கேரளாவில் 300 சதுர மீட்டருக்குள், ஏழு மீட்டர் உயரத்துக்குள் உள்ள வீடுகளை ஆபத்து குறைந்தவை என்று பிரித்துச் சுயசான்று முறை கொண்டுவந்தார்கள். ஆனால் 2023 ஏப்ரலில் அனுமதிக் கட்டணத்தை ஏகத்துக்கும் ஏற்றினார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகு 2024-ல் 60 சதவீதம் வரை குறைக்க வேண்டி வந்தது. ஒரு கையால் வேகத்தைக் கொடுத்து இன்னொரு கையால் கட்டணத்தைக் கூட்டினால், வீடு கட்டுகிறவர் இரண்டையும் சேர்த்துத்தான் எடை போடுவார்.

ஜப்பான் பட்ட பாடு

சோதனையை ஆள் மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பாடம் ஜப்பான். 1983 முதல் அங்கே இரண்டு மாடிக்குள் இருக்கிற சின்ன மரவீடுகளுக்கு, தகுதிபெற்ற கட்டடக் கலைஞர் வரைந்திருந்தால், அதன் உறுதிக் கணக்கை அலுவலகம் சோதிக்காமல் விட்டுவிடும். 1990களின் கடைசியில் இன்னொரு படி போனார்கள். கட்டட அனுமதியைத் தனியார் சோதனை நிறுவனங்களே தரலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். வேகம் கூடியது.

2005 நவம்பரில் குட்டு வெளிப்பட்டது. ஹிதெத்சுகு அனேஹா என்ற கட்டடக் கலைஞர் பல அடுக்குமாடிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் நிலநடுக்கத் தாங்குதிறன் கணக்கைப் பொய்யாகப் போட்டிருந்தார். தனியார் நிறுவனமும் கண்டுபிடிக்கவில்லை, சில இடங்களில் உள்ளாட்சி அலுவலகமும் கண்டுபிடிக்கவில்லை. அரசு பயந்துபோய் 2007 ஜூனில் விதிகளை இறுக்கியது. அதன் விளைவு: 2006-ல் சுமார் 12.9 லட்சமாக இருந்த புதிய வீட்டு வேலைத் தொடக்கம் 2007-ல் சுமார் 10.6 லட்சமாக விழுந்தது. ஒழுங்காகக் கட்டினவர்களும் சேர்ந்து வரிசையில் நின்றார்கள். சின்ன மரவீடுகளுக்கான அந்தப் பழைய சலுகையையும் 2025 ஏப்ரலில் பெரிய அளவில் குறைத்துவிட்டார்கள்.

இதில் எனக்குப் பட்டது ஒன்று. வேகத்துக்கு எதிரி சோதனை என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். ஆனால் பின்சோதனை இல்லாத வேகம் ஒரு விபத்து நடக்கும்வரைதான் தாங்கும். விபத்துக்குப் பிறகு வருகிற விதி, முதலில் இருந்ததைவிட மெதுவாக இருக்கும். சுயசான்று நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தான் அதில் சோதனை வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும்.

எவ்வளவு கட்டலாம் என்பது தனிக் கதை

புது வீடு கூடுவதற்கு அரசு செய்யக்கூடியது இரண்டு: அனுமதியைச் சீக்கிரம் தருவது, ஒரு மனையில் கூடுதலாகக் கட்ட விடுவது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-ல் இரண்டாவதைச் செய்தது. குடியிருப்பு நிலத்தில் சுமார் முக்கால் பங்கில் முன்பைவிட நெருக்கமாகக் கட்டலாம் என்று மாற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே கட்டட அனுமதிகள் நன்றாகவே ஏறின.

தமிழ்நாட்டில் 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. 1,200 சதுர அடி மனையில் மொத்தம் 2,400 சதுர அடி வரை கட்டலாம் என்று அர்த்தம். ஆனால் நாலு பக்கமும் விடவேண்டிய இடத்தை விட்டுவிட்டு, இரண்டு தளத்தில் அந்த 2,400-ஐ எட்ட முடியுமா என்று தாளில் வரைந்து பாருங்கள், முடியாது. சின்ன மனையில் குறியீட்டை விட, விடவேண்டிய பக்க இடம்தான் வீட்டின் அளவைத் தீர்மானிக்கிறது. ஆகவே சுயசான்று நம்ம ஊரில் வீட்டைப் பெரிதாக்காது, எண்ணிக்கையையும் தானாகப் பெருக்காது. ஏற்கெனவே கட்ட நினைத்தவருடைய காத்திருப்பைத்தான் குறைக்கும்.

பவானியில் மிச்சமிருக்கிற தாமதம்

ஊரின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பவானி ஆறு, இன்னொரு பக்கம் காவிரி, கூடுதுறையில் சங்கமேஸ்வரர் கோயில். காவிரிக்கு அக்கரையில் குமாரபாளையம், அது நாமக்கல் மாவட்டம். நடுவில் கிடைத்த இடத்தில்தான் பழைய ஊர். ஜமக்காளத் தறி ஓடிய வீடுகள், அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட வளவுகள், ரெண்டு பேர் எதிரெதிரே வண்டியில் வந்தால் ஒருத்தர் ஒதுங்கவேண்டிய சந்துகள். புதிய வீடுகள் ஊருக்கு வெளியே, தோட்டமாக இருந்து மனையான நிலத்தில் வருகின்றன.

இந்த இரண்டு இடத்திலும் தாமதம் வரைபட அனுமதிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

ஊருக்குள்ளே என்றால் கூட்டுப் பட்டா. தாத்தா பெயரில் பட்டா, மூன்று பிள்ளைகள், அதில் ஒருவர் திருப்பூரில். வாய்ப் பேச்சில் பாகம் பிரித்து முப்பது வருஷம் ஆகியிருக்கும், காகிதத்தில் பிரிந்திருக்காது. பாகப்பிரிவினைப் பத்திரம், உட்பிரிவு, சர்வேயர் வந்து அளந்து தனிப் பட்டா, அப்புறம்தான் இணையதளம். அங்கே உடனடி அனுமதி கிடைப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பொத்தான் வரைக்கும் வந்துசேர வருஷக்கணக்கு ஆகலாம்.

ஊருக்கு வெளியே என்றால் அங்கீகாரமில்லாத மனை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது பலருக்கும் ஞாபகம் இருக்கும். அதன் பிறகு 2017 மே மாதம் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு உருவான மனைப்பிரிவுகளுக்கு அது பொருந்தும். வரன்முறை செய்யாவிட்டால் கட்டட அனுமதி கிடையாது. "தோட்டத்துல பாத்தி பிரிச்ச மாதிரி பிரிச்சு" விற்ற மனையை நம்பி வாங்கிய குடும்பங்கள் இன்னும் அங்கேயேதான் நிற்கின்றன. அவர்களுக்குச் சுயசான்று என்பது கதவு சாத்தியிருக்கிற வீட்டின் திறந்த ஜன்னல் மாதிரி.

ஆக, மிச்சமான நேரம் யாருக்குப் போகிறது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். காகிதம் சுத்தமாக இருப்பவருக்குப் போகிறது. அது நல்லதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதிகம் தாமதப்படுகிறவர் காகிதம் சிக்கலாக இருப்பவர். அவருடைய தாமதம் நகராட்சி அலுவலகத்தில் இல்லை. தாலுகா அலுவலகத்திலும், சர்வேயர் வரும் தேதியிலும், மனைப்பிரிவின் பழைய வரலாற்றிலும் இருக்கிறது. நகராட்சி எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்தத் தூரம் குறையாது.

ஆறு செய்கிற சோதனை

இன்னொரு விஷயம் பவானிக்கே உரியது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அது நிரம்பி உபரிநீரைத் திறக்கிற வருஷங்களில், 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் நடந்த மாதிரி, காவிரிக் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகும், மக்களை முகாம்களுக்கு மாற்றுவார்கள். பவானிசாகரும் சேர்ந்து நிரம்பினால் இரண்டு பக்கத் தண்ணீரும் கூடுதுறையில்தான் வந்து கூடும்.

மனையைப் பார்க்க அதிகாரி வந்த காலத்தில் இது தடுக்கப்பட்டதா என்றால், இல்லை. கரையோர வீடுகள் அப்போதும் வந்தன. ஆனால் வரவேண்டும் என்று ஒரு விதி இருந்தபோது யாராவது ஒருவர் "இங்க போன தடவை எவ்வளவு ஒசரம் வந்துச்சு?" என்று கேட்கும் வாய்ப்பு இருந்தது. சுயசான்றில் அந்தக் கேள்வியை வீடு கட்டுகிறவர் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். கரையில் மலிவாக மனை வாங்கியவர் அதைக் கேட்டுக்கொள்ள விரும்பமாட்டார். மனித சுபாவம்.

இதற்குப் பழைய முறைக்குத் திரும்பு என்று நான் சொல்லமாட்டேன். மூன்று காரியம் செய்யலாம் என்று தோன்றுகிறது. முதலாவது, பெருவெள்ளத்தில் தண்ணீர் வந்த எல்லையைப் புல எண் வாரியாகக் குறித்து, அனுமதி தரும் இணையதளத்திலேயே போட்டுவிடுவது. அந்த எல்லைக்குள் வரும் மனைக்கு உடனடி அனுமதி தானாக நின்று, நேரில் பார்க்கும் வரிசைக்குப் போகட்டும். இரண்டாவது, சுயசான்றில் தந்த அனுமதிகளில் நூற்றுக்குச் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, அஸ்திவாரம் போடும்போது போய்ப் பார்ப்பது. எல்லாவற்றையும் பார்க்க ஆள் இல்லை என்பது உண்மை. ஆனால் எதைப் பார்ப்பார்கள் என்று தெரியாமல் இருந்தாலே பாதிப் பேர் ஒழுங்காகக் கட்டுவார்கள். மூன்றாவது, வரைபட அனுமதியில் மிச்சமான ஊழியர் நேரத்தை வரன்முறை, உட்பிரிவு முகாம்களுக்குத் திருப்புவது. வேகம் தேவைப்படுவது இப்போது அங்கேதான்.

கட்டப் போகிறவர்களுக்கு

கடைசியாக, இந்த முறையில் விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு நான் குறித்து வைத்திருப்பது.

பத்திரத்திலும் பட்டாவிலும் உள்ள பெயர், அளவு, புல எண் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். வில்லங்கச் சான்றும் புலப்பட நகலும் கையில் இருக்கட்டும். மனைப்பிரிவு அங்கீகார எண்ணை விற்றவர் வாயால் சொன்னால் போதாது, ஆணையின் நகலை வாங்குங்கள். நேரில் டேப் பிடித்து அளந்து பாருங்கள். காகிதத்தில் 30 அடி இருக்கும், வேலி போட்டால் 28 அடிதான் நிற்கும்.

வரைபடத்தில் காட்டியதைத்தான் கட்ட வேண்டும். "அப்ரூவலுக்கு ஒரு பிளான், கட்டறதுக்கு ஒரு பிளான்" என்ற நம்ம ஊர்ப் பழக்கம் இனி முன்பைவிட ஆபத்து, ஏனென்றால் கையெழுத்து உங்களுடையது. மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம், யாரும் வந்து பார்க்கமாட்டார்கள் என்று அதை விட்டுவிடாதீர்கள். வீடு தவிர வேறு உபயோகம் இருந்தால், முன்பக்கம் கடையோ பின்பக்கம் தறியோ, அதை மறைத்து விண்ணப்பிக்காமல் நகராட்சியில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கட்டுமானக் கடன் வாங்குவதாக இருந்தால் வங்கி என்னென்ன ஆவணம் கேட்கும் என்பதை அனுமதிக்குப் போகும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஆற்றோரம் மனை என்றால் ஒரு செலவில்லாத வேலை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் போய், "ஏனுங்க, வெள்ளத்துல இங்க எதுவரைக்குமுங்க தண்ணி நின்னுச்சு?" என்று கேளுங்கள். சுவரில் கையை வைத்துக் காட்டுவார். அந்த உயரத்தை இன்ஜினியரிடம் சொல்லி, அடித்தளத்தை அதற்கு மேலே ஏற்றச் சொல்லுங்கள்.